ஒரு கேமுக்கு ஆறு நிமிடம்

2008 ஜனவரியின் முதல் சனிக்கிழமை. நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் சென்னை ஓபன் அரையிறுதி. ஒரு பக்கம் 21 வயது ரஃபேல் நடால், அப்போது உலகின் 2-ம் நிலை வீரர். எதிர்ப்பக்கம் 31 வயது கார்லோஸ் மோயா. 2004, 2005 இரண்டு வருடமும் இங்கே கோப்பை வென்றவர். சுனாமி அடித்த இரண்டே வாரத்தில் வென்ற அந்த 2005 பரிசுப் பணத்தை நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டுப் போனவர். அதனால் கேலரியில் எங்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேர் மோயா கட்சி. இருவருக்கும் சொந்த ஊர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவு. நடால் சிறுவனாக இருந்தபோதே அவரோடு பந்தடித்துப் பழகியவர் மோயா.

ஜனவரியில் சென்னை வெயில் யாரையும் கொல்லாது. புழுக்கம்தான் கொல்லும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் அப்படியே வழிந்துகொண்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்த எங்கள் சட்டையே முதுகில் ஒட்டிக்கொண்டது. கீழே அந்த இரண்டு பேரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 6-7, 7-6, 7-6. மேட்ச் பாயிண்ட்களைக் காப்பாற்றி நடால் ஜெயித்தபோது ஆட்டத்தின் நேரம் 3 மணி 54 நிமிடம். ஐந்து செட் ஆட்டத்துக்கான நேரத்தை மூன்று செட்டிலேயே செலவழித்துவிட்டார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, ஆட்டம் முடிந்ததும் மொத்த நிமிடத்தை மொத்த கேம்களால் வகுத்துப் பார்ப்பேன். அன்று 39 கேம், 234 நிமிடம். ஒரு கேமுக்குச் சரியாக 6 நிமிடம்.

மறுநாள் இறுதி ஆட்டம். எதிரி ரஷ்யாவின் மிகெய்ல் யூஸ்னி, ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர். ஸ்கோர் 6-0, 6-1. ஜெயித்தது யூஸ்னி. ஆடிய 13 கேமில் நடாலுக்குக் கிடைத்தது ஒன்று.

அன்றைக்குப் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. நடாலுக்கு வலி என்று எதுவும் தெரியவில்லை. நொண்டவில்லை, ஃபிசியோவைக் கூப்பிட்டுப் படுக்கவில்லை. ஆனால் பந்து மட்டும் நீளம் போகவே மாட்டேன் என்றது. முந்தின நாள் பேஸ்லைனில் குத்திக் காதளவு எகிறிய அதே ஃபோர்ஹேண்ட், சர்வீஸ் கோட்டுப் பக்கத்திலேயே விழுந்து யூஸ்னியின் இடுப்புக்கு நேராக வந்து நின்றது. களைப்பு என்றால் கையில் தெரியும் என்று நினைக்கிறோம். முதலில் போவது கால்தான். எதிராளி பந்தை அடிக்கிற நொடியில் இரண்டு காலையும் தரையிலிருந்து லேசாக எழுப்பி இறக்கும் ஒரு சின்னத் துள்ளல் இருக்கிறது. அது ஒரு இமைப்பொழுது தாமதமானால் போதும். பந்துக்கு அரை அடி பிந்திப் போவார்கள். உடம்பு எடை பின்னங்காலிலேயே தங்கிவிடும். அடி குட்டையாகும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை: சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப்போடும் உயரம் குறைவது, பாயிண்ட்டைச் சீக்கிரம் முடித்தால் போதுமென்று கோட்டைக் குறிவைத்து அடிப்பது, டிராப் ஷாட்டைத் தேடிப் போவது, டவலுக்கு நடக்கிற நடை மெதுவாவது.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: “நடால் ஃபார்ம் போச்சு சார். மெல்போர்னில் பாருங்க.” பார்த்தோம். ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் சோங்காவிடம் நேர் செட்டில் தோற்றார். டீக்கடைத் தீர்ப்பு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதே 2008-ல் நடால் பிரெஞ்சு ஓபன் வென்றார், விம்பிள்டனில் ஃபெடரரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வீழ்த்தினார், பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், ஆகஸ்டில் முதல் முறையாக உலகின் நம்பர் 1 ஆனார். நுங்கம்பாக்கத்தில் தீர்ந்துபோனது ஒரு நாளுக்கான கால். ஃபார்ம் வேறு எங்கோ பத்திரமாக இருந்தது.

நாம் திரும்பத் திரும்பக் குழப்பிக்கொள்வது இதைத்தான். களைப்பை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். ஃபார்மை மாதக்கணக்கில். கோச் மாறியதன் பலனைப் பார்க்க ஒரு சீசனாவது வேண்டும். ஆனால் ஒரு தோல்வி வந்ததும் மூன்றையும் ஒரே உருண்டையாக உருட்டி, “கோச்சை மாத்து” என்கிறோம். வீரர்களும் பல நேரம் அதையேதான் செய்கிறார்கள்.

அடுத்த வருடமே மெல்போர்னில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2009 அரையிறுதியில் வெர்டாஸ்கோவோடு 5 மணி 14 நிமிடம். முடியும்போது நள்ளிரவு தாண்டி மணி ஒன்றுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் எதிரே ஃபெடரர், அவர் தன் அரையிறுதியை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டு ஓய்வெடுத்தவர். கடைசி செட்டை 6-2 என்று எடுத்துக் கோப்பையைத் தூக்கியது நடால். சென்னையில் 4 மணி நேரத்துக்கே விழுந்தவர் அங்கே 5 மணி நேரத்துக்குப் பிறகு எப்படி நின்றார்? சென்னையில் இடையில் இருந்தது ஓர் இரவு. மெல்போர்னில் ஒரு முழுப் பகலும் இரண்டு தூக்கமும். தசையில் தீர்ந்துபோன மாவுச்சத்தை மறுபடி நிரப்ப ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும் என்கிறார்கள் விளையாட்டு மருத்துவர்கள். தவிர என் வகுத்தல் கணக்கும் ஒன்று சொல்கிறது. வெர்டாஸ்கோ ஆட்டத்தில் 59 கேம், ஒரு கேமுக்கு 5.3 நிமிடம். மோயா ஆட்டத்தைவிட நீளம், ஆனால் அவ்வளவு இழுபறி இல்லை.

இதே வெர்டாஸ்கோ ஏழு வருடம் கழித்து, 2016-ல், அதே மெல்போர்னில் முதல் சுற்றிலேயே நடாலுக்கு வந்து மாட்டினார். மறுபடி ஐந்து செட், 4 மணி 41 நிமிடம், 53 கேம். வகுத்தால் அதே 5.3. எதிரி, ஊர், இழுவை மூன்றும் மாறவில்லை. முடிவு மட்டும் மாறியது: நடால் அவுட். இப்போது களைப்பு என்று யாரும் சொல்ல முடியாது, போட்டித் தொடரின் முதல் ஆட்டம் அது. முந்தைய 2015 முழுக்கவே இப்படித்தான். 2004-க்குப் பிறகு ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட இல்லாமல் போன முதல் வருடம். விம்பிள்டனில் இரண்டாம் சுற்றில் டஸ்டின் பிரவுன், அமெரிக்க ஓபனில் இரண்டு செட் முன்னால் இருந்து ஃபோனினியிடம் தோல்வி. தனக்குப் பதற்றம் வருகிறது என்று அவரே வெளிப்படையாகப் பேசினார். கால் ஓடியது, மனசுதான் அரை அடி பிந்தியது. இதுதான் ஃபார்ம் போவது.

அப்போது கோச் யார்? டோனி நடால். நம் ஊர் செய்திகளில் ‘நடாலின் மாமா’ என்று எழுதுவார்கள். மாமா இல்லை, அப்பாவின் தம்பி, சித்தப்பா. இந்த உறவு முறை முக்கியம், ஏனென்றால் டென்னிஸ் கோச்சின் நிலைமை விசித்திரமானது. கிரிக்கெட்டில் கோச்சுக்குச் சம்பளம் தருவது வாரியம், கால்பந்தில் கிளப். டென்னிஸில் மாணவனே முதலாளி. படியளக்கிறவரைப் பார்த்து “நீ நேற்று சோம்பேறியாக ஆடினாய்” என்று சொல்ல வேண்டும். பயண டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் அவர் செலவு. அவர் முகம் சுளித்தால் அடுத்த மாதம் வேறு வேலை தேட வேண்டும். சித்தப்பாவுக்கு அந்தப் பயம் கிடையாது. மூன்று வயதுப் பையன் கையில் ராக்கெட்டைக் கொடுத்தவரை எப்படி வேலையைவிட்டு அனுப்புவது? அதனால் அவர் கண்டிக்க முடிந்தது. அதே காரணத்தால், ஆட்ட பாணியை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது அதைச் சொல்ல இன்னொரு குரல் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். 30 வயதுக்காரரைப் பார்க்கும்போதும் சித்தப்பாவின் கண்ணில் அந்த ஓடி ஓடி எடுக்கும் பையன்தானே தெரிவான்.

2016 டிசம்பரில் அந்தக் குரல் வந்தது. கார்லோஸ் மோயா. நுங்கம்பாக்கத்தில் வலைக்கு மறுபக்கம் நின்று அந்த 39 கேமையும் ஆடியவரேதான். ஓடியே ஜெயிப்பதற்கு நடால் என்ன விலை கொடுக்கிறார் என்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த கோச் வேறு யாரும் இருக்க முடியாது.

மோயா புதிதாக ஃபோர்ஹேண்ட் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சர்வீஸை இன்னும் தைரியமாக, குறிப்பாக இரண்டாவது சர்வீஸை. சர்வீஸுக்கு அடுத்த பந்திலேயே ஃபோர்ஹேண்டால் தாக்குவது. பயிற்சி நேரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது. புள்ளிவிவரங்களை உட்கார்ந்து பார்ப்பது. இத்தனையின் உள்நோக்கமும் ஒன்றுதான், பாயிண்ட்டைச் சுருக்குவது. ஒரு பாயிண்ட்டுக்கு இரண்டு அடி மிச்சம் பிடித்தால் ஒரு தொடர் முடிவதற்குள் சில நூறு ஓட்டம் மிச்சம். பார்க்க ஆக்ரோஷமான டென்னிஸ் மாதிரி இருக்கும், கணக்குப் பார்த்தால் சிக்கனம். 2014 வரை நடாலிடம் 14 கிராண்ட்ஸ்லாம். மோயா வந்த பிறகு இன்னும் 8. முழங்காலும் பாதமும் ஒத்துழைக்காத 30-க்கு மேற்பட்ட வயதில் வந்தவை அந்த எட்டும்.

ஆனாலும் மொத்தப் புகழையும் மோயாவுக்கு எழுதிவைக்க எனக்குக் கை வரவில்லை. 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நின்ற இருவரையும் பாருங்கள். நடால் முந்தைய அக்டோபரிலேயே சீசனை முடித்துக்கொண்டு மணிக்கட்டை ஆற்றியவர். ஃபெடரர் 2016 விம்பிள்டனோடு நிறுத்தி ஆறு மாதம் போட்டி எதுவும் ஆடாமல் இருந்தவர். 35 வயதில் ஐந்து செட் ஆடிக் கோப்பையையும் வாங்கிக்கொண்டு போனார். அந்த வருடத்தின் நாலு கிராண்ட்ஸ்லாமையும் இந்த இருவரே ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் கோச்சின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல தராசு கிடையாது. ஓய்வுக்குப் பேட்டி எடுக்க முடியாது என்பதால் கோச்சுக்கு மாலை விழுகிறது.

அதே 2017-ல் எதிர்த் திசையில் போனவர் ஜோகோவிச். 2016 பிரெஞ்சு ஓபனோடு நாலு கிராண்ட்ஸ்லாமும் கையில். அதற்குப் பிறகு சரிவு. டிசம்பரில் கோச் போரிஸ் பெக்கர் விலகினார். 2017 மே மாதம், 2006 முதல் கூடவே இருந்த கோச் மரியான் வைடா, உடற்பயிற்சியாளர், ஃபிசியோ என்று மொத்தக் குழுவுக்கும் ஒரேயடியாக விடை கொடுத்தார். கோச்சாக அகாஸி வந்தார், பிறகு ஸ்டெபானெக் சேர்ந்தார். ஆட்டம் திரும்பவில்லை, ஏனென்றால் பிரச்சினை முழங்கையில் இருந்தது. விம்பிள்டன் காலிறுதியில் பெர்டிச்சுக்கு எதிராகப் பாதியில் விலகினார், மீதி சீசன் போச்சு. 2018 ஜனவரியில் திரும்பி வந்து கொரியாவின் ஹியோன் சுங்கிடம் நேர் செட்டில் தோற்றார். பிப்ரவரியில் முழங்கை அறுவை சிகிச்சை. வசந்தத்தில் அகாஸி, ஸ்டெபானெக் இருவரும் இல்லை, வைடா திரும்ப வந்தார். அப்போதும் உடனே எதுவும் நடக்கவில்லை. பார்சிலோனாவில் கிளிஸானிடம் தோல்வி, பாரிஸில் செக்கினாட்டோவிடம் தோல்வி. தரவரிசை 20-க்கு வெளியே. ஜூலையில் விம்பிள்டன் வென்றார், செப்டம்பரில் அமெரிக்க ஓபன், வருடக் கடைசியில் மறுபடி நம்பர் 1.

பழைய கோச் வந்தார், பழைய ஜோகோவிச் வந்தார் என்று எழுதுவது சுலபம், அன்றைக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. கத்தி வைத்த முழங்கைக்கு ஐந்து மாதம் தேவைப்பட்டது. அகாஸி அந்த ஐந்து மாதமும் இருந்திருந்தால் இன்று அவர் பெயர் வேறு மாதிரி பேசப்பட்டிருக்கும். அவர் வகுப்பெடுக்க வந்தபோது மாணவனுக்குக் கையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த 2018 விம்பிள்டன் களைப்பைப் பற்றியும் ஒரு வேடிக்கை காட்டியது. வெள்ளிக்கிழமை முதல் அரையிறுதியில் கெவின் ஆண்டர்சன், ஜான் இஸ்னர்: 6 மணி 36 நிமிடம், கடைசி செட் 26-24. அதற்குப் பிறகுதான் ஜோகோவிச், நடால் ஆட்டம் தொடங்கி, இரவு 11 மணிக்கு நிறுத்தப்பட்டு, சனிக்கிழமை முடிந்தது, 5 மணி 15 நிமிடம். ஓய்வைக் கணக்கிட்டால் ஆண்டர்சனுக்குத்தான் கூடுதல். ஞாயிறன்று துவண்டவரும் அவரே, முதல் இரண்டு செட்டும் 2-6, 2-6. என் வகுத்தலைப் போட்டால் ஆண்டர்சனின் 99 கேமில் ஒரு கேமுக்கு 4 நிமிடம்தான், ஜோகோவிச்சுக்கு 5.3. ரேலி குறைவு, ஓட்டம் குறைவு. ஆனால் ஆறடி எட்டங்குல உடம்பை ஒவ்வொரு சர்வீஸுக்கும் மேலே எழுப்பி முன்னங்காலில் இறக்க வேண்டுமே. நீண்ட ரேலி தொடையைத் தின்னும், நூற்றுக்கணக்கான சர்வீஸ் இடுப்பையும் தோளையும் பாதத்தையும் தின்னும். அதோடு அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு காலிறுதியில் ஃபெடரரை 13-11 என்று ஐந்தாவது செட்டில் ஜெயித்த பாக்கியும் அவர் உடம்பில் இருந்தது. மறுவருடமே விம்பிள்டன் கடைசி செட்டில் 12-12 ஆனால் டை பிரேக் என்று விதியை மாற்றியது. இப்போது நாலு கிராண்ட்ஸ்லாமிலும் 6-6 ஆனால் 10 பாயிண்ட் டை பிரேக்.

செட்டைச் சுருக்கினார்கள், காலண்டரை நீட்டினார்கள். ஒரு வாரத்தில் முடிந்த மாஸ்டர்ஸ் தொடர்களில் மாட்ரிட், ரோம், ஷாங்காய், கனடா, சின்சினாட்டி எல்லாம் இப்போது 12 நாள் விழா. இடையில் ஓய்வு நாள் கிடைக்கிறதே என்பது ஏற்பாட்டாளர் வாதம். ஓட்டல் அறையில் ஊர் நினைப்போடு கிடப்பது ஓய்வா என்று வீரர்கள் கேட்கிறார்கள், எனக்கும் வீரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 2023-ல் பாரிஸ் மாஸ்டர்ஸில் சின்னர் ஒரு ஆட்டத்தை அதிகாலை இரண்டரை மணிக்கு மேல் முடித்தார். அடுத்த ஆட்டம் அன்றைக்கே மாலை. போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். அதே ஆண்டு ஜனவரியில் ஆண்டி முர்ரே, கொக்கினாகிஸ் ஆட்டம் மெல்போர்னில் அதிகாலை 4 மணி தாண்டி முடிந்தது, அடுத்த சுற்றில் முர்ரே வெளியே. இதற்கெல்லாம் எந்தக் கோச் என்ன மருந்து வைத்திருப்பார்?

எம்மா ரடுக்கானுவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எண்ணுவது கோச்களை. 2021-ல் 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து, ஒரு செட்டும் இழக்காமல் அமெரிக்க ஓபன் வென்றார். சில வாரத்தில் அந்தக் கோச் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சனை விட்டார், அதற்குப் பிறகு கை விரல் போதாது. மாற்றிக்கொண்டே இருந்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 2023-ல் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதைப் பத்தாவது பத்தியில்தான் எழுதுவார்கள். இன்னொரு பக்கம் இகா ஸ்வியாடெக். 2024 அக்டோபரில் விம் ஃபிசெட்டைக் கோச்சாக வைத்துக்கொண்டார். மாதங்கள் ஓடின, கோப்பை இல்லை, 2025 பிரெஞ்சு ஓபனும் கைவிட்டுப் போனது. ஆளை மாற்றச் சொல்லி நாலாபக்கமும் குரல். மாற்றவில்லை. அந்த ஜூலையில், அவருக்குப் பிடிக்காத தரை என்று எல்லாரும் எழுதிய புல்தரையில், விம்பிள்டன் இறுதியை 6-0, 6-0 என்று முடித்தார்.

கடைசியாக ஒரு கணக்கு. 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி. நடாலுக்கு 35 வயது, பாதத்தில் தீராத வலி, முந்தைய வருடத்தின் பின்பாதியில் ஏறக்குறைய ஆடவேயில்லை. எதிரே தன்னைவிடப் பத்து வயது சின்னவரான மெத்வெதேவ், முதல் இரண்டு செட்டும் அவருக்கு. அங்கிருந்து நடால் ஓடி ஜெயிக்கவில்லை. டிராப் ஷாட் போட்டார், வலைக்கு வந்தார், பேக்ஹேண்டைத் துண்டு துண்டாக வெட்டினார், மோயாவோடு பழகிய சிக்கனம் அத்தனையும் வெளியே வந்தது. 2-6, 6-7, 6-4, 6-4, 7-5. மொத்தம் 5 மணி 24 நிமிடம், 53 கேம். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வகுத்துப் பார்த்தேன். ஒரு கேமுக்கு 6 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், நுங்கம்பாக்கத்து அதே கணக்கு. ஒரே வித்தியாசம், இந்த முறை மறுநாள் அவருக்கு ஆட்டம் இல்லை.